கொல்லைப்புறத்துச் சத்தம்



கோட்டுச்சேரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில் எழுதியது. "ஐப்பசி பிறக்கப் போகிறது. இந்த வருடமாவது ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மகன் பெரியதாக வாங்கலாம் என்கிறான். மருமகளுக்குச் சத்தம் வரக் கூடாது. வீட்டுக்காரருக்கு விலை ஏறக் கூடாது. நீங்கள் கோட்டுச்சேரிக்காரர்தானே, எது வாங்கலாம் என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா.

கேள்வி பதில் பகுதியில் நாலு வரியில் முடித்திருக்கலாம். அந்தக் 'கோட்டுச்சேரிக்காரர்தானே' என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. எங்கள் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். கொல்லையில், கிணற்றுக்குப் பக்கத்துச் சாய்ப்பில், எங்கள் வீட்டிலும் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது. அது எனக்குக் கற்றுக்கொடுத்ததை எல்லாம் எழுத நாலு வரி போதாது.

வெளியூர் வாசகர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். காரைக்காலிலிருந்து பொறையாறு, தரங்கம்பாடி போகும் சாலையில் இருக்கிறது கோட்டுச்சேரி. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, ஆனால் புதுச்சேரி நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டைக் கடந்துதான் போக வேண்டும். 1739 முதல் 1954 வரை, இடையில் சில காலம் தவிர, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி. அதனால் ஊராட்சிக்கு இன்னமும் கொம்யூன் என்றுதான் பெயர். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. கிழக்கே கோட்டுச்சேரிமேடு, அதற்கப்பால் கடல். 2012 வாக்கில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. பொறையாற்று உறவுக்காரர்கள் மாவு அரைக்கவும் போனுக்குச் சார்ஜ் போடவும் எங்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். பெட்ரோலும் எங்கள் பக்கம் விலை குறைவு என்பதால் வரும்போதே வண்டிக்கும் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவார்கள். மண்ணுக்கடியில் எரிவாயு இருக்கிறது, ஓஎன்ஜிசி எடுக்கிறது. அந்த வாயுவை எரித்து 32.5 மெகாவாட் மின்சாரம் தரும் நிலையம் ஒன்று 2000-ஆம் ஆண்டிலிருந்து காரைக்கால் பகுதியிலேயே ஓடுகிறது. மின்சாரம் பிறக்கும் இடம் இத்தனை பக்கத்தில் இருந்தாலும், வீட்டுக்கு வர அதற்குப் போஸ்ட் கம்பம் வேண்டும். புயலுக்குத் தெரிந்தது அந்தக் கம்பம்தான்.

2008 நவம்பர் 27 விடிகாலையில் நிஷா புயல் காரைக்காலுக்கு வடக்கே, அதாவது கிட்டத்தட்ட எங்கள் தலைக்கு மேலேயே, கரை ஏறியது. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் ஏறியது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வேதாரண்யம் பக்கத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் தெருவுக்கு அது திரும்பி வர நாலு நாள் ஆயிற்று.

அந்த நாலு நாளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் ராத்திரி யாருக்கும் விளக்கு வேண்டியிருக்கவில்லை. பயம் இருந்தது, அரிக்கேன் விளக்கு இருந்தது, ஓடு பறக்கும் சத்தம் இருந்தது. இரண்டாம் நாள் மரம் வெட்டுவதிலும் கீற்று பொறுக்குவதிலும் போய்விட்டது. மூன்றாம் நாள் காலையில்தான் தெருவே குடத்தோடு நின்றது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. வீட்டு போர்வெல்லும் ஓடவில்லை. கை பம்பு இருந்த இரண்டு வீடுகளுக்கு முன்னால் வரிசை. போனில் சார்ஜ் இல்லாததால் துபாயிலும் பாரீஸிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு 'நன்றாக இருக்கிறோம்' என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு ஊரில் ராஜா யார் தெரியுமா? மைக்செட்காரர். கல்யாண ஊர்வலத்தில் டியூப்லைட் தூக்கி வருபவர்களுக்குப் பின்னால், தள்ளுவண்டியில் புகை விட்டுக்கொண்டு வருமே, அந்த ஜெனரேட்டரை வாசலில் இறக்கி, ஒரு பலகையில் வரிசையாகப் பிளக் பாயிண்ட் அடித்து, ஐம்பது போனை ஒரே நேரத்தில் மாட்டி வைத்திருந்தார். எங்கள் தெருக்காரர்களிடம் காசு வாங்கவில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன வருடம் மொத்தத் தெருவும் மொய் எழுதப் போனதற்கு அதுதான் காரணம்.

எங்கள் வீட்டிலும் அன்றைக்கு ஒரு ஜெனரேட்டர் இருந்தது. பரணில்.

அதற்கு ஒரு கதை உண்டு. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அவர்களைச் 'சொல்தா' என்போம். ஓய்வு பெற்று ஊரோடு வந்தபோது அங்கே பயன்படுத்திய சாமான்களில் ஒரு பெட்டி நிறைய கூடாரத் துணியும், கைப்பெட்டி மாதிரிப் பிடி வைத்த சிவப்பு ஜெனரேட்டர் ஒன்றும் கொண்டுவந்தார். ஆகஸ்ட் மாத விடுமுறையில் பிரான்சில் குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். "நல்ல வீடு இருக்கிறபோது எதுக்குங்க வெளியில போய்ப் படுக்கணும்?" என்று அம்மா கேட்டதற்குப் பெரியப்பாவால் கடைசி வரை பதில் சொல்ல முடியவில்லை. அந்த இயந்திரத்தின் ஒரு நல்ல குணம், பிரான்சிலும் நம்மைப் போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பது. அமெரிக்காவிலிருந்து யாராவது அன்பாக ஒன்றைக் கொண்டுவந்தால் வாங்கி வைக்காதீர்கள், அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பெரியப்பாவின் பெட்டியில் நம்முடைய மூன்று முனைப் பிளக் மட்டும் நுழையாது, அதற்கொரு அடாப்டர் செய்துகொண்டோம். அவர் காலத்துக்குப் பிறகு அது எங்கள் வீட்டுக்கு வந்து பரண் ஏறியது, டேங்க்கில் பாதி பெட்ரோலோடு.

கஜா போன மறுநாள் இறக்கினோம். நானும் அண்ணன் மகனும் மாறி மாறிக் கயிறு இழுத்தோம். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். மூன்றாம் நாள் மெக்கானிக் பாய் சைக்கிளில் வந்தார். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"என்ன தம்பி, பெட்ரோலை ஊறுகாய் போட்டு வச்சிருக்கீங்க?"

கார்புரேட்டரைக் கழற்றி அடிக் கிண்ணத்தைக் காட்டினார். தேன் பாகு மாதிரிப் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. குண்டூசி முனைகூட நுழையாத ஜெட் துவாரம் அதில் அடைந்துபோயிருந்தது. மெல்லிய செம்புக் கம்பியின் ஒற்றை இழையை விட்டுக் குத்தி, புது பெட்ரோலில் அலசி, பிளக்கைத் தீட்டிப் போட்டார். மூன்றாவது இழுவையில் கிளம்பியது. அன்றிலிருந்து ஜெனரேட்டர் விஷயத்தில் எனக்குக் குரு அவர்தான். கடிதம் எழுதிய அம்மாவுக்கு நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அவருடைய சொத்து.

முதலில் மகனுக்குப் பதில். பெரியதாக வாங்க வேண்டும் என்று தோன்றுவதற்குக் காரணம் தண்ணீர் மோட்டார்தான். ஒரு குதிரைசக்தி போர் மோட்டார் ஓடும்போது சுமார் 1,100 வாட் எடுக்கும். கிளம்பும் அந்தக் கணத்தில் மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். அதைத் தாங்க மூன்று கேவிஏ-வுக்குக் குறையாத இயந்திரம் வேண்டும். அது நாற்பது கிலோவைத் தாண்டும், அம்மாவால் நகர்த்த முடியாது, மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். வருடத்தில் இரண்டு நாள், நாளுக்கு இருபது நிமிடம் மோட்டார் ஓட்டுவதற்காக இவ்வளவா? நான் வேறு வழி சொல்வேன். வானிலை அறிக்கையில் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்ற வார்த்தை வந்த அன்றைக்கே மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள், அண்டா குண்டா எல்லாவற்றையும் நிரப்புங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு வீட்டுக்குச் சிக்கனமாக நாலைந்து நாள் வரும். கொல்லையில் பழைய கை பம்பு துருப்பிடித்து நின்றால் வாஷர் மாற்றி வையுங்கள், நூற்றுக்கணக்கில்தான் செலவு. தண்ணீரைப் பாத்திரத்தில் சேமித்துவிட்டால் ஜெனரேட்டர் சின்னதாகிவிடும்.

மிச்சமிருப்பது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். ஒன்பது வாட் எல்இடி பல்பு நாலு. பழைய மாதிரி மின்விசிறி ஒன்று 75 வாட், அதில் இரண்டு. நாலைந்து போன், ஒரு டிவி. முந்நூறு வாட்டைத் தாண்டாது. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் நெபுலைசர் இருந்தால் இன்னொரு நூறோ நூற்றைம்பதோ. ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தான், ஆனால் கம்பிரசர் கிளம்பும்போது அதைப்போல நாலைந்து மடங்கு கேட்கும். அதனால் ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றால் ஒரு கேவிஏ போதும், வேண்டும் என்றால் இரண்டு கேவிஏ. இன்சுலின் வைத்திருக்கிற வீடு என்றால் இரண்டாவதுதான், அதில் பேரம் கிடையாது. இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, ஏசி மூன்றையும் அந்த நாலு நாள் மறந்துவிடுங்கள்.

கடையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் சில நொடி மட்டுமே தரக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து எவ்வளவு தரும் என்பது தகட்டில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கச் சொல்லுங்கள், கண்ணாடியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்தப் பொடி எழுத்து அளவிலும் முக்கால் பங்குக்கு மேல் சுமை ஏற்றாதீர்கள்.

இனி மருமகளுக்கு. பழைய வகை ஜெனரேட்டர் ஒரே ஒரு போன் சார்ஜ் ஆனாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் வராது. சத்தம் அதனால்தான். இப்போது வரும் இன்வெர்ட்டர் வகையில் இஞ்சின் உண்டாக்குகிற மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு உள்ளேயிருக்கும் மின்னணுப் பலகை 230 வோல்ட் அலையாகச் செதுக்கித் தருகிறது. அதனால் சுமை குறைந்தால் இஞ்சினும் மெதுவாகச் சுற்றும். சத்தம் குறைவு, பெட்ரோல் மிச்சம், டிவிக்கும் லேப்டாப்புக்கும் பாதகமில்லாத சீரான மின்சாரம். இரண்டு கேவிஏ வகை முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டர் போலக் குடிக்கும், கால் சுமையில் அரை லிட்டர்கூட ஆகாது. வீட்டுக்காரர்தான் இங்கே குறுக்கே வருவார், ஏனென்றால் நல்ல இன்வெர்ட்டர் ஜெனரேட்டரின் விலை லட்சத்தைத் தொடும். சாதாரண வகை அதில் பாதிக்கும் குறைவு. பல்பும் விசிறியும் போனும் மட்டும் என்றால் சாதாரண வகையே போதும் என்பது என் கட்சி. சேமித்த பணத்தில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

'பழசு ஒன்று கைமாற்றாக வருகிறது, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டலாம்' என்று யாராவது சொல்வார்கள். ஒரு காலத்தில் கடைத்தெரு முழுக்க அந்த வகைதான் உறுமிக்கொண்டிருந்தது. ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலம் அது. இப்போது எண்ணெய்க்கு எங்கே போவது? போதாததற்கு, ஜெனரேட்டர் புகைக்கான விதிகளும் 2023 ஜூலையிலிருந்து மிகவும் இறுகிவிட்டன. வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தால் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு, எங்கள் வீட்டில் இப்போது அதுதான். பேட்டரி ஒரு ராத்திரியைத் தாங்கும், மூன்று ராத்திரி தாங்காது. பகலில் ஜெனரேட்டரை நாலு மணி நேரம் ஓட்டி அதற்குத் தீனி போடுகிறோம். 12 ஆம்பியரில் ஏறினால் 48 ஆம்பியர்-மணி ஆகிறது. அதில் 30 வாட் பிஎல்டிசி விசிறி இரண்டும் பல்பு இரண்டும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஓடும். ராத்திரி சத்தமில்லாமல் தூங்கலாம், அந்த நாலு மணி நேரத்திலேயே ஃபிரிட்ஜும் குளிர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை, சில வீட்டு இன்வெர்ட்டர்கள் சாதாரண ஜெனரேட்டரின் ஆடுகிற வோல்டேஜைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு சார்ஜ் வாங்க மறுக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டு இன்வெர்ட்டரோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாடியில் சூரியத் தகடு போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு சொல். 2024-இல் வந்த சூரிய வீடு திட்ட மானியத்தில் போட்ட தகடுகள் பெரும்பாலும் கம்பியோடு இணைந்தவை. தெருவில் கரண்ட் போனால், உச்சி வெயிலிலும் அவை தாமாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆளைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு.

இனி சொல்லப் போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இருநூறு மடங்குக்கு மேல் ஆசையோடு ஒட்டிக்கொள்ளும். தலை கனக்கும், வாந்தி வருகிற மாதிரி இருக்கும், புயல் அலைச்சலில் வந்த களைப்பு என்று நினைத்துப் படுத்துக்கொள்வோம். தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானாவை லாரா புயல் தாக்கியபோது, காற்றுக்குத் தப்பிய பலர் அதற்குப் பிறகு ஜெனரேட்டர் புகையில் இறந்தார்கள். லேக் சார்லஸ் நகரில் கார் நிறுத்தும் கூடத்தில் இயந்திரத்தை ஓட்டிய ஒரே வீட்டில் பலர்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மழை கொட்டுகிறது, திருட்டுப் பயம் வேறு, இயந்திரம் நனையக் கூடாது. கை தானாக அதைத் திண்ணைக்கோ ரேழிக்கோ முற்றத்துக்கோதான் கொண்டுவரும். முற்றம் மேலே திறந்திருக்கிறதே என்பார்கள். அந்தத் திறப்புக்கு மேல் புயல் காற்று மூடி போட்டது மாதிரி அழுத்தும், புகை கூடத்துக்குள்தான் சுற்றும். வீட்டிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி, கொல்லையில், மேலே மட்டும் தகரமும் நாலு பக்கமும் திறப்பும் உள்ள சாய்ப்பில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மேடை கட்டி வையுங்கள். வெள்ளமும் எட்டாது. ஈரக் கையோடு தொடாதீர்கள். இரும்புச் சங்கிலி போட்டுப் பூட்டினால் திருட்டுப் பயத்துக்கும் வழி ஆயிற்று.

புகைக்குழாய் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் கோட்டுச்சேரிமேட்டு மீனவர் ஒருவர். "வாடை அடிக்குதுன்னு தெக்க பாத்து வெச்சிட்டு உள்ள போய்ப் படுத்துடாதீங்க. புயல் நமக்குத் தெக்கால கரை ஏறினா காத்து வாடையில ஆரம்பிச்சு, கொண்டலாயி, விடியக்காலையில தெக்கேருந்து அடிக்கும். வடக்கால ஏறினா வாடையிலேருந்து கச்சானுக்குத் திரும்பும்" என்றார். வாடை வடக்குக் காற்று, கொண்டல் கிழக்குக் காற்று, கச்சான் மேற்குக் காற்று. கஜாவில் நடந்தது முதல் வகை, நிஷாவில் நாங்கள் நடுவிலேயே மாட்டிக்கொண்டோம். சாயங்காலம் புகையை வெளியே கொண்டுபோன காற்று விடிகாலையில் அதே புகையைப் படுக்கையறை ஜன்னலுக்குக் கொண்டுவரும். புயல் அடிக்கும்போது ஜெனரேட்டரே வேண்டாம் என்று நான் முடிவுக்கு வந்ததற்கு இதுதான் காரணம். அன்று ராத்திரி டார்ச் போதும். காற்று அடங்கியபின், பகலில் ஓட்டுங்கள்.

அடுத்தது சேஞ்ச் ஓவர். இரண்டு பக்கமும் ஆண் முனை வைத்த வயர் ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்து சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டுக்குக் கொடுத்து வீடு முழுக்க வெளிச்சம் வரவழைக்கும் கெட்டிக்காரர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த 230 வோல்ட் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறினால் 11,000 வோல்ட். கரண்ட் இல்லை என்று நம்பி அறுந்த கம்பியைக் கையில் பிடித்திருக்கும் லைன்மேன் யாருடைய பிள்ளையோ. கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் கம்பம் நட வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து இடுப்பளவு சேற்றில் நின்றார்கள். அவர்களை நினைத்தாவது, ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை உரிமம் உள்ள எலக்ட்ரீசியனைக் கொண்டு போடுங்கள். அதற்குப் பணமில்லையா, ஜெனரேட்டரிலிருந்து நேரடியாகக் கனமான எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, விசிறியையும் பல்பையும் அதில் மாட்டிக்கொள்ளுங்கள். அழகாக இருக்காது, ஆபத்தும் இருக்காது.

பராமரிப்பைப் பற்றிப் பாயிடம் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார். நான் பிடித்துவைத்துக்கொண்டது கொஞ்சம். இன்று பங்கில் நிரப்பும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நாளாக ஆகத் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். கார்புரேட்டருக்குப் போவது அடியிலிருந்துதான். எங்கள் ஊர் மாதிரிக் கடலோரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு இஞ்சினை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து அதுவாக நிற்கட்டும். மழைக்காலம் முடிந்ததும் டேங்க்கில் மிச்சமிருப்பதை வடித்து ஸ்கூட்டரில் ஊற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் பெட்ரோலை மாதக்கணக்கில் பதுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அடுப்பு எரிகிற வீட்டில் ஐந்து லிட்டர் உலோகக் கேனே அதிகம் என்பேன். ஓடிக்கொண்டிருக்கும்போதோ சூடாக இருக்கும்போதோ ஊற்றக் கூடாது. ஒரு காபி குடித்துவிட்டு வந்து ஊற்றுங்கள்.

புது இஞ்சினில் முதல் 20 மணி நேரத்திலேயே ஆயிலை மாற்ற வேண்டும். உராய்ந்து கழன்ற இரும்புத் தூள் எல்லாம் அதில்தான் மிதக்கும். அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஓட்டவே இல்லையே எதற்கு மாற்றுவது என்று வீட்டுக்காரர் கேட்பார். ஓட்டாத ஆயிலிலும் ஈரம் சேரும் என்று சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் காயவைத்து, ஒரு சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்ட வேண்டும். உப்புக் காற்றுக்குத் திருகுகளும் புகைக்குழாயும்தான் முதலில் இரையாகும், வெளியில் ஆயில் துணியால் துடைத்து வையுங்கள். மூடி வைக்கத் தார்ப்பாலின் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்து மோசமாகத் துருவேறும். பழைய பருத்திப் புடவை நல்லது. பாய் கண்டுபிடித்தது இல்லை இது, அம்மா கண்டுபிடித்தது.

கூடாரம் அடித்துத் தங்குவதைப் பற்றி அந்தக் கடிதத்தில் கேள்வி இல்லை. இருந்தாலும் எங்கள் சாலையில் அதுவும் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணியில் கொடியேறும் நாட்களில், காவி உடுத்திச் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நடந்து வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாகக் கோட்டுச்சேரியைத் தாண்டிப் போவார்கள். முன்னால் மாதா சிலை வைத்த சின்னத் தேர், சீரியல் விளக்கு, பின்னால் ஒரு ஜெனரேட்டர். ராத்திரி சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்துப் படுக்கும்போது அந்த ஜெனரேட்டரை வண்டிக்குள்ளேயே ஓட விட்டு, அதே வண்டியில் குழந்தைகளைத் தூங்க வைத்திருப்பதை ஒருமுறை பார்த்தேன். போய்ச் சொன்னேன். "மாதா பாத்துப்பா சார்" என்றார் ஒரு பெரியவர். ஆனாலும் எழுந்து வந்து இயந்திரத்தை இறக்கித் தள்ளி வைத்தார். போகும்போது எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

மிச்சம் ஒன்றுதான். பாய் சொன்ன விதிகளில் எல்லோரும் மறப்பது, மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடமாவது சுமையோடு ஓட்ட வேண்டும் என்பது. காலண்டரில் வட்டம் போட்டோம், போனில் அலாரம் வைத்தோம், மறந்தோம். கடைசியில் அம்மாவே ஒரு நாள் குறித்தார். அமாவாசை. எப்படியும் அன்றைக்குத் தலை முழுகி, வாசல் தெளித்து, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இலை போடுகிற நாள். இலை போட்டுவிட்டு நேரே கொல்லைக்குப் போய் அவர்களில் ஒருவர் விட்டுப் போன பெட்டியைக் கிளப்புகிறார். பக்கத்து வீட்டுப் பையன் கயிறு இழுப்பான். ஃபிரிட்ஜை மாட்டி, ஒரு டம்ளர் காபி ஆறும் வரை ஓட விட்டு, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு வருவார். மூன்று வருடமாக ஒரு மாதமும் தவறவில்லை.

போன புரட்டாசி அமாவாசைக்கு மதியம் போன் செய்தார். குரலில் கொஞ்சம் குறை இருந்தது.

"ரெண்டாவது இழுவையிலேயே கிளம்பிடுச்சு, கேட்டியா. என்ன, அது போட்ட சத்தத்துல காக்காதான் ஒண்ணும் வரல. அடுத்த மாசத்துலேருந்து முதல்ல காக்காவுக்கு வச்சிட்டு, அது சாப்பிட்டுப் போனப்புறம் உங்க பெரியப்பாவைக் கிளப்பறேன்."

அன்புடன்,
ஆசிரியர்